பச்சை ஏடும் செல்லரித்த ஏடும்

காரைக்கால் பகுதி சைவத் திருமுறைகளோடு நெருங்கிய தொடர்புடைய மண். திருநள்ளாறு, திருத்தருமபுரம், திருத்தெளிச்சேரி, திருவேட்டக்குடி முதலிய பாடல் பெற்ற தலங்கள் இங்கே அமைந்துள்ளன. பேயுருவம் வேண்டிப் பெற்றுக் கயிலைக்குத் தலையால் நடந்து சென்ற காரைக்கால் அம்மையார் பிறந்த ஊரும் இதுவே. இத்தலங்களில் வழிபடும் அன்பர்கள் பதிகங்களை அச்சுப் புத்தகத்தில் பார்த்து ஓதுகின்றனர். அப்பதிகங்கள் நம் கைக்கு வந்து சேர்ந்த வழி எளியதன்று. வந்து சேராமற் போனவையும் பல. அழிந்த நூல்களின் வரலாற்றையும், எஞ்சியவை எவ்வாறு எஞ்சின என்பதையும் அறிந்துகொள்வது திருமுறைகளைப் போற்றுவோர் அனைவர்க்கும் பயன் தருவதாகும்.

நெருப்பும் நீரும் அழிக்காத ஏடு

திருநள்ளாற்றில் எழுந்தருளியுள்ள தர்ப்பாரண்யேசுவரர் மீது திருஞானசம்பந்தர் அருளிய பதிகம் ஒன்று 'பச்சைப் பதிகம்' என்று வழங்கப்பெறுகிறது. அப்பெயர் வந்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துரைக்கின்றார்.

பாண்டிமாதேவியார் மங்கையர்க்கரசியாரும் அமைச்சர் குலச்சிறையாரும் அழைக்க, சம்பந்தர் மதுரைக்கு எழுந்தருளினார். அங்கே சமண முனிவர்களோடு வாதம் நிகழ்ந்தது. இரு திறத்தாரும் தத்தம் கொள்கை எழுதிய ஏட்டினை நெருப்பில் இடுவது என்றும், வேகாத ஏடே மெய்ப்பொருள் உரைப்பது என்றும் முடிவாயிற்று. சம்பந்தர் தம் திருமுறைச் சுவடியை வணங்கி அவிழ்த்து நோக்கியபோது திருநள்ளாற்றுப் பதிகம் கிடைத்தது. அந்த ஏட்டைத் தீயில் இட்டார். ஏடு கருகாமல், முன்னிலும் பசுமையாக விளங்கியது. பின்னர் வையையாற்று வெள்ளத்தில் விடப்பட்ட மற்றோர் ஏடு நீரோட்டத்தை எதிர்த்துச் சென்றது. அது சென்று நின்ற இடமே திருவேடகம்.

ஏட்டுக்கு நெருப்பும் நீரும் பகை. அவ்விரண்டையும் வென்ற ஏடுகள் என்று சம்பந்தர் திருவாக்கினைச் சைவ உலகம் போற்றுகிறது. எனினும் அதே சம்பந்தர் பதிகங்களுக்குப் பிற்காலத்தில் நேர்ந்தது வேறு. நெருப்பும் நீரும் செய்யாத அழிவைச் செல் செய்தது.

தில்லையில் பூட்டிய அறை

திருமுறைகள் மீண்டும் கிடைத்த வரலாற்றைத் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. இந்நூலை உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கொள்வது சைவ மரபு. சோழ மன்னன் ஒருவன் தன் அவையில் மூவர் பாடல்கள் சிலவற்றைக் கேட்டு உருகினான். முழுமையும் எங்கே கிடைக்கும் என்று வினவியபோது விடை கூறுவார் இல்லை. அம்மன்னன் முதலாம் இராசராசனே என்பது பெருவழக்கு. 'திருமுறை கண்ட சோழன்' என்ற சிறப்புப் பெயர் அவனுக்கு இதனாலேயே வழங்குகிறது.

திருநாரையூரில் பொல்லாப்பிள்ளையாரின் அருள் பெற்ற நம்பியாண்டார் நம்பியை மன்னன் அணுகினான். ஏடுகள் தில்லைத் திருக்கோயிலில், மூவரின் கை இலச்சினையிட்ட அறையில் உள்ளன என்பது நம்பிகள் வாயிலாகத் தெரியவந்தது. இருவரும் தில்லை சென்றனர். இலச்சினையிட்டவர் மூவரும் வந்தாலன்றி அறையைத் திறத்தல் இயலாது என்று தில்லைவாழ் அந்தணர் கூறினர். மன்னன் மூவர் திருவுருவங்களையும் வழிபட்டு, வீதிவலமாக எழுந்தருளச் செய்து, அறையின் முன் நிறுத்தினான். அறை திறக்கப்பட்டது.

உள்ளே புற்று மூடிக் கிடந்தது. எண்ணெயை ஊற்றிப் புற்றைக் கரைத்து ஏடுகளை எடுத்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. மன்னன் கலங்கினான். இக்காலத்துக்கு வேண்டுவனவற்றை மட்டும் வைத்து எஞ்சியவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்று இறைவன் வாக்கு எழுந்ததாகப் புராணம் ஆறுதல் கூறுகிறது.

சம்பந்தர் 16,000, அப்பர் 49,000, சுந்தரர் 38,000 பதிகங்கள் அருளியதாக அம்மரபு கணக்கிடுகிறது. இன்று மூவர் தேவாரமாக நமக்குக் கிடைப்பவை சற்றேறக்குறைய 800 பதிகங்கள். மரபு கூறும் எண்ணிக்கையை எவ்வாறு கொண்டாலும், கிடைத்ததைவிட இழந்தது மிகுதி என்பதில் ஐயமில்லை. ஏடுகள் மீண்ட பின்னரும் அவற்றின் பண்முறை தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் திருவெருக்கத்தம்புலியூரில் இருந்தார். அவரைக் கொண்டே பண்கள் வகுக்கப்பெற்றன என்று அப்புராணம் மேலும் கூறுகிறது. எழுத்தை ஏடு ஒருவாறு காத்தது. இசையைக் காத்தது ஒரு குடும்பத்தின் வாய்வழிப் பயிற்சி.

இவ்வரலாற்றில் அன்பர்கள் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தில்லை அறையைப் பகைவர் எவரும் கொளுத்தவில்லை. ஏடுகளை எவரும் இகழ்ந்து எறியவும் இல்லை. மிகுந்த பக்தியோடு அவை இலச்சினையிட்டுப் பூட்டப்பெற்றிருந்தன. திறந்து ஓதுவாரும் படியெடுப்பாரும் இன்மையால், பூட்டிய இடத்திலேயே மண்ணாயின.

வைணவ மரபிலும் இதனை ஒத்த வரலாறு உண்டு. ஆழ்வார்கள் அருளிய நாலாயிரத்தில் ஒரு பதிகம் மட்டுமே நாதமுனிகள் செவிக்கு முதலில் எட்டியது. எஞ்சியவற்றைத் தேடி அவர் திருக்குருகூர் சென்றார். அங்கே மதுரகவியாழ்வாரின் கண்ணிநுண் சிறுத்தாம்பினைப் பன்னீராயிரம் முறை ஓதி, நம்மாழ்வார் அருளால் நாலாயிரத்தையும் பெற்றார் என்பது குருபரம்பரை கூறும் செய்தி. இழந்ததை மீட்பதற்கு அவர் கைக்கொண்ட நெறியும் ஓதுதலே ஆயிற்று.

ஓலையின் ஆயுள்

பனையோலையை அளவாக நறுக்கி, நீரில் இட்டு வேகவைத்து, நிழலில் உலர்த்தி, மெருகிட்டு, எழுத்தாணியால் எழுதுவது பழைய முறை. எழுத்துத் தெளிவாகத் தெரிய மஞ்சளும் மையும் தடவுவர். ஓலையில் துளையிட்டுக் கயிறு கோத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைத்துக் கட்டுவர். இவ்வளவு செய்தும், நன்கு பேணப்பெற்ற ஓலைக்கே முந்நூறு ஆண்டுகள் நீண்ட ஆயுள். கடற்காற்றின் ஈரமும் மழைக்காலத்துப் பூஞ்சையும் மிகுந்த காவிரிக் கழிமுகப் பகுதியில் அவ்வாயுள் இன்னும் குறையும். செல்லும், இராமபாணம் என்னும் பூச்சியும் ஏட்டைத் துளைத்து எழுத்தைத் தின்றுவிடும்.

ஆகவே ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுந்த நூல் ஒன்று இன்று நம் கையில் உள்ளது எனின், அதனை இடையில் நாலைந்து தலைமுறைகளிலேனும் யாரோ ஒருவர் அமர்ந்து மீண்டும் எழுதியிருத்தல் வேண்டும். அந்தக் கைகளுள் பெரும்பாலானவற்றின் பெயர் தெரியாது. ஒரு நூற்றாண்டுக் காலம் எந்த ஊரிலும் எவரும் படியெடுக்காமல் விட்ட நூல், அடுத்த நூற்றாண்டில் இல்லாமற்போயிற்று. தமிழ் நூல்களின் அழிவில் பெரும்பகுதி இவ்வாறு ஓசையின்றி நிகழ்ந்ததே.

குறையோடு எஞ்சிய நூல்கள்

சங்கத் தொகை நூல்களிலும் இக்குறைகளைக் காணலாம். பரிபாடல் எழுபது பாடல்களைக் கொண்டது என்று பழைய குறிப்பு உண்டு. முழுமையாகக் கிடைப்பவை இருபத்திரண்டே. பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. புறநானூற்றில் 267, 268 ஆம் பாடல்களும், ஐங்குறுநூற்றில் 129, 130 ஆம் பாடல்களும் மறைந்தன. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக இல்லை. வளையாபதியில் எஞ்சியவை 72 பாடல்கள். பிற நூல்களின் உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்டமையாலும், புறத்திரட்டு என்னும் தொகை நூலில் இடம்பெற்றமையாலும் அவை பிழைத்தன. ஒருவர் தம் நூலில் பிறிதொரு நூலை மதித்து எடுத்துக்காட்டியதே அதற்கு அடைக்கலம் ஆயிற்று. இவ்வாறு மறைந்தவற்றை எல்லாம் தேடித் தொகுத்து மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்றே ஒரு நூல் எழுதினார்.

வளையாபதியின் இழப்பு மிக அண்மையது என்பது வருத்தம் தரும் செய்தி. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இருந்த காலத்தில் திருவாவடுதுறை ஆதீனப் புத்தகசாலையில் அந்நூலின் ஏட்டைக் கண்டதாக உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். பதிப்பிக்கும் நோக்கத்தோடு அவர் பின்னர்த் தேடியபோது எங்கும் அது அகப்படவில்லை. ஈராயிரம் ஆண்டுத் தமிழ் வரலாற்றில் ஒரு காப்பியம் நூறு ஆண்டுகளுக்குச் சற்று முன்னர்த்தான் கண்ணைவிட்டு மறைந்தது.

பக்தியால் நேர்ந்த இழப்பு

சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும், 1898இல் மணிமேகலையையும் அச்சிட்டு வெளியிட்டார். சிந்தாமணி சமண முனிவர் திருத்தக்கதேவர் இயற்றியது. சைவ மடத்தில் பயின்ற ஒருவர் சமணப் பெரியோரிடம் பொருள் கேட்டுத் தெளிந்து அந்நூலுக்கு மறுவாழ்வு தந்தார். நூலைக் காக்கும் பணியில் சமய வேற்றுமை தடையாக நில்லாது என்பதற்கு இது சான்று.

ஏடு தேடி அவர் நடந்த ஊர்கள் பல. அவ்வாறு கரிவலம்வந்தநல்லூர்க்குச் சென்ற செய்தியை அவரே வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார். பாண்டிய மன்னர் ஒருவரின் சுவடித் தொகுதி அவ்வூர்க் கோயிலில் இருப்பதாகக் கேள்வியுற்று அங்குச் சென்றார். பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் போடுதல் ஆகாது என்றும், நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடுவதே முறை என்றும் எண்ணி, அவ்வாறே ஆகுதி செய்துவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். ஆடிப்பெருக்கன்று பழைய ஏடுகளை ஆற்று வெள்ளத்தில் விடும் வழக்கமும் சில இடங்களில் இருந்தது.

இவற்றைச் செய்தவர்கள் நூலை வெறுத்தவர்கள் அல்லர். கலைமகள் உறையும் பொருள் குப்பையில் சேர்தல் கூடாது என்ற அச்சமே அவர்களைச் செலுத்தியது. எனினும் உள்ளே எழுதியிருப்பது யாது என்று ஒருமுறையேனும் பார்த்திருப்பின், நெய்யிட்டு எரித்த ஏடுகளுள் எத்தனை நூல்கள் பிழைத்திருக்கும்! அறிவோடு கூடாத பக்தி, பகைமை செய்யும் அழிவையே செய்துவிடுகிறது.

பகைமை செய்த அழிவும் இல்லாமல் இல்லை. நாலந்தாப் பல்கலைக்கழகத்தின் நூல் நிலையங்கள் படையெடுப்பில் அழிந்தன. நம் காலத்திலேயே, 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும், வேறெங்கும் படியில்லாத பல சுவடிகளும் சாம்பலாயின. அச்சான நூல்களுள் பலவற்றை வேறிடங்களிலிருந்து தேடிச் சேர்க்க இயன்றது. ஒற்றைப் படியாக இருந்தவை மீளவில்லை. ஒரு நூல் ஓரிடத்தில் மட்டும் இருத்தல் எவ்வளவு இடரானது என்பதனை அந்நெருப்பு உலகுக்கு உணர்த்தியது.

கல்லும் செம்பும் காத்தவை

நம் முன்னோர் இவ்விடரை உணர்ந்திருந்தனர். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்வதற்கு 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, நாள்தோறும் நெல் அளித்தமையை அக்கோயிற் கல்வெட்டுக் கூறுகிறது. அறையில் கிடந்த பாடலை நாள்தோறும் நாவில் ஒலிக்கச் செய்த ஏற்பாடு இது. கோயில்களில் 'திருக்கைக்கோட்டி' என்னும் மண்டபங்கள் இருந்தன. திருமுறைச் சுவடிகளை வைத்துப் போற்றவும் ஓதவும் அவை பயன்பட்டன. முதற் குலோத்துங்கன், விக்கிரமசோழன் ஆகியோர் காலத்துப் படைத்தலைவனான நரலோக வீரன், மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதுவித்துத் தில்லையில் வைத்தான் என்று கல்வெட்டுச் செய்யுள் புகழ்கிறது.

செப்பேட்டில் பதிகம் எழுதும் அவ்வழக்கத்தை நம் காலத்தவரும் கண்ணாரக் காணும் வாய்ப்பு 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நேர்ந்தது. சம்பந்தர் அவதரித்த சீகாழியில், சட்டைநாதர் திருக்கோயில் குடமுழுக்குக்காக யாகசாலை அமைக்க மண்ணைத் தோண்டினர். ஐம்பொன் திருமேனிகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் அங்கே வெளிப்பட்டன. ஓலையாக இருந்திருப்பின் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

கல்லின் பயனுக்குத் திருவிடைவாய்ப் பதிகம் சான்றாகும். திருவாரூர் மாவட்டத்துத் திருவிடைவாய்த் திருக்கோயிலுக்குச் சம்பந்தர் அருளிய பதிகம் ஏட்டுப் பிரதிகளில் இடம்பெறவில்லை. 1917இல் அக்கோயிற் கல்வெட்டில் அப்பதிகம் கண்டெடுக்கப்பட்டது. பல நூற்றாண்டுகளுக்கு முன் பெயர் அறியாத அன்பர் ஒருவர் தம் ஊர்ப் பதிகத்தைச் சுவரில் வெட்டுவித்தார். அதனால் அத்தலம் பாடல் பெற்ற தலங்களின் வரிசையில் மீண்டும் இடம்பெற்றது.

அம்மையாரின் 143 பாடல்கள்

மூவருக்கும் காலத்தால் முற்பட்டவர் காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டில் 22 பாடல்கள், திருவிரட்டை மணிமாலையில் 20, அற்புதத் திருவந்தாதியில் 101 என அவர் அருளியவற்றுள் நமக்குக் கிடைப்பவை 143 பாடல்கள். அவை பதினோராந் திருமுறையில் தொகுக்கப்பெற்றுள்ளன. அந்தாதி என்னும் யாப்பே காவல் போன்றது. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் முதலாக அமைவதால், இடையில் ஒன்று விடுபடின் ஓதுவோர்க்கு உடனே தெரிந்துவிடும். மனத்தில் நிறுத்தி ஓதுவதற்கு ஏற்ற வடிவில் அவை அமைந்தமையும், திருமுறையுள் சேர்ந்து தொடர்ந்து ஓதப்பெற்றமையும் அவற்றைக் காத்தன எனலாம்.

புதுச்சேரியில் 1955இல் தொடங்கப்பெற்ற பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தன் வெளியீட்டு வரிசையில் முதல் நூலாக 1956இல் வெளியிட்டது காரைக்கால் அம்மையாரின் பாடல்களையே. காரவேலன் அவற்றைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்திருந்தார். அந்நிறுவனம் கோயில்களிலிருந்தும் சிவாசாரியார் இல்லங்களிலிருந்தும் சைவ ஆகமச் சுவடிகளைத் தேடித் திரட்டியது. புதுச்சேரியில் உள்ள ஏறத்தாழ 11,000 சைவச் சுவடிகள் 2005ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பெற்றன. கேட்டுப் பெற ஒருவர் வந்த காலத்தில் கொடுப்பதற்கு மனம் கொண்ட குடும்பங்கள் இருந்தமையால் அவை இன்று பாதுகாப்பாக உள்ளன.

அன்பர்கள் கடைப்பிடிக்கத்தக்கவை

இன்றும் பரணிலும் பூசையறையிலும் முன்னோரின் சுவடிக்கட்டுகளை வைத்திருக்கும் குடும்பங்கள் காவிரிக் கரையில் உள்ளன. ஆண்டுக்கு ஒருமுறை சரசுவதி பூசையன்று சந்தனமும் குங்குமமும் இட்டு வணங்கி, அவிழ்க்காமலே மீண்டும் பரணில் ஏற்றிவிடுவதும் உண்டு. அத்தகைய இல்லத்தார் பின்வருவனவற்றைக் கருதுதல் நலம்.

ஏட்டின் மீது சந்தனம், குங்குமம், நீர் ஆகியவை படுதல் ஆகாது. மேலே சுற்றிய துணிக்கு மட்டும் பொட்டிடலாம். ஈரமில்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில் பருத்தித் துணியில் சுற்றி வைத்தல் வேண்டும். ஒட்டிக்கொண்ட ஏடுகளை வலிந்து பிரித்தல் கூடாது. அது பயிற்சி பெற்றோர் செய்யத்தக்க பணி. படிக்கத் தெரியவில்லை என்பதற்காக ஆற்றில் விடுவதும் தீயில் இடுவதும் அறவே தவிர்க்கத்தக்கன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, தஞ்சை சரசுவதி மகால் நூலகம், சென்னைக் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம், உ. வே. சாமிநாதையர் நூலகம், புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவற்றில் சுவடி படிக்க வல்லவர்கள் உள்ளனர். அவர்களிடம் காட்டி, உள்ளே இருப்பது யாது என்று அறிந்துகொள்ளலாம். அது மருத்துவக் குறிப்பாகவோ வீட்டுக் கணக்காகவோ இருக்கலாம். வேறெங்கும் இல்லாத ஒரு பாடலாகவும் இருக்கலாம்.

சுவடி இல்லாத இல்லத்தார்க்கும் இதில் பங்குண்டு. தம் ஊர்த் தலத்துப் பதிகம் ஒன்றையேனும் மனனம் செய்து, பண்ணோடு ஓதப் பழகிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தலே அப்பங்கு. பூட்டிய அறையில் செல் புகும். ஓதும் நாவில் அது புகுவதற்கு இடமில்லை. திருநள்ளாற்றுக்கு வழிபட வரும் அன்பர்கள் தர்ப்பாரண்யேசுவரர் சந்நிதியில் நின்று பச்சைப் பதிகத்தை ஒருமுறை முழுமையாக ஓதுவாராயின், சம்பந்தரின் அந்த ஏடு இன்னும் ஒரு தலைமுறைக்குப் பசுமையாகவே இருக்கும்.

திருச்சிற்றம்பலம்